மரவள்ளி மாவும் மகளிர் சங்கமும்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களின் சாலையோரங்களில், பொழுது புலருமுன்பே, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாக நிற்பதை நம் அங்கத்தினர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். ஜீப் வண்டிகள் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றன. பொழுது சாயும் வேளையில் திருப்பிக் கொண்டுவந்து விடுகின்றன. கூலி உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் கைக்குழந்தை உடையவளும், முதுகு வளைந்துவிட்டவளும், வீட்டிலுள்ள நோயாளியை விட்டு அகல முடியாதவளும் அந்த வண்டியில் ஏற இயலாது. ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவுக் குடும்பங்களிலோ, தறி ஓய்ந்திருக்கும் மாதங்களில் தார் சுற்றும் பெண்ணுக்கும் வேலை ஓய்ந்துவிடுகிறது. இத்தகையோர் ஊரிலேயே இருந்து, பகலில் நாலைந்து மணி நேரம் செய்யத்தக்க தொழில் ஏதேனும் உண்டா?

உண்டு என்று சொல்லி, அப்பளம், ஊறுகாய், மெழுகுவத்தி என்று பலவற்றை நம் சகோதரிகளுக்குப் பலர் கற்பித்துவிட்டனர். கற்ற பின்னர் சரக்கை விற்க இடமில்லாமல் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகின்ற வீடுகள் பல. ஆதலால் இம்மாதப் பாடத்தில் மரவள்ளிக் கிழங்கை மாவாக்கும் தொழிலை எடுத்துக்கொள்ளும் நாம், செய்முறையை மட்டும் சொல்லி நிறுத்தப்போவதில்லை. நிறுவை யார் கையில், எந்திரம் யார் கையில், கணக்குப் புத்தகம் யார் கையில் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்கப்போகிறோம். தோட்டக் கூலிக்கு இத்தொழில் ஈடாகும் என்று நாம் வாக்களிக்கவும் இல்லை. அதன் காரணத்தைக் கணக்கில் காண்போம்.

மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய அதனைப் போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர் என்பர். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனைப் பயிரிடும்படி குடிகளை ஊக்கினார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசியின் வரத்து நின்றுபோயிற்று; அந்த ஆண்டுகளில் திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கியது பெரும்பாலும் இக்கிழங்குதான். குமுளிக்கு அப்பால் இன்றும் கப்பையும் மீன் குழம்பும் ஒருவேளை உணவு. குன்றுக்கு இப்பால் நாம் அதனைச் சந்தையில் வாங்கி அவித்துத் தின்னும் பண்டமாகவே அறிவோம். பெரியாற்று நீர் பாயும் நம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் இருக்க, கிழங்கை யார் கருதுவார்!

சேலம் கற்பிக்கும் பாடம்

அதே யுத்தம்தான் சேலத்தில் ஒரு தொழிலைத் தோற்றுவித்தது. அதற்கு முன்பு நம் வீடுகளில் பாயசத்துக்கும் வடாத்துக்கும் பயன்பட்ட ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. அது அங்கு வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்டது. கப்பல் நின்றவுடன் ஜவ்வரிசியும் நின்றது. வியாபாரத்தின் பொருட்டு மலையாள நாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், அங்கே மலிந்திருந்த மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுக்க முடியும் என்று கண்டார். பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷா என்பவர் ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்தவர். இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் இத்தொழிலைத் தொடங்கினர். ஈரமாவைத் துணியிலிட்டுத் தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டி மணியாக்கி, அடுப்பில் வறுத்து, வெயிலில் உலர்த்திய குடிசைத் தொழிலாகவே அது அன்று இருந்தது. பின்னர் எந்திரங்கள் வந்தன, ஆலைகள் பெருகின, சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களின் மேட்டுநிலமெல்லாம் குச்சிக்கிழங்குக் காடாயிற்று. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் அக்குறியீடு அதே ஆண்டில் கிடைத்ததை அங்கத்தினர்கள் நினைவுகூர்வர்.

கூட்டுறவாளர்களாகிய நாம் கவனிக்கத்தக்கது 1981-இல் நிகழ்ந்தது. ஆலைக்காரர்கள் தனித்தனியே இடைத்தரகரிடம் சிக்கி, கடன் வாங்கிய வணிகர் சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுத்து வந்தனர். அதிலிருந்து மீளும்பொருட்டு அவர்கள் ஒரு தொழிற் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். ‘சேகோசர்வ்’ என்று அழைக்கப்படுவது அதுவே. சரக்கைச் சங்கத்தின் கிடங்கில் இறக்கலாம்; அதன் பேரில் முன்பணம் பெறலாம்; வணிகர்கள் மாதிரியைப் பார்த்து விலைப்புள்ளியை மறைவாக எழுதிப் போட, உயர்ந்த விலைக்கு விற்பனை நடைபெறும். பிரித்து வைத்தவனிடம் பேரம் பேசியவன், சேர்த்து வைத்தவர்களிடம் விலை எழுதிப் போடும் நிலை வந்தது. இது சிறிய காரியம் அன்று.

ஆயினும் அதன் அங்கத்தினர் யாவர்? மாவும் ஜவ்வரிசியும் செய்கிற ஆலை உடைமையாளர்கள். கிழங்கு பயிரிட்டவன் லாரியோடு ஆலை வாயிலில் நிற்கிறான். ஆலைக்குள்ளே வரிசையாகக் குந்தியிருந்து கத்தியால் தோல் சீவுகிறவர்கள் பெண்கள்; அவர்களுக்குக் கூலி உண்டு, பங்கு இல்லை. சேலத்தாரைக் குறைகூற இதனை எழுதவில்லை. உடைமையாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டது அவர்கள் உரிமை. கிழங்கின் மதிப்பெல்லாம் அது நிலத்தைவிட்டு வெளிவந்த பிறகுதான் கூடுகிறது என்பதும், அந்த வேலையின் தொடக்கம் பெண்ணின் கையில் இருந்தும் இலாபம் அவள் கைக்கு வரவில்லை என்பதும் நமக்குப் பயன்படும் செய்திகள்.

‘பாயிண்டு’ என்னும் அளவு

சேலத்தில் கிழங்கின் விலை எடையால் மட்டும் முடிவதில்லை. கிழங்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு மாவுச்சத்து என்பதைப் ‘பாயிண்டு’ என்பர். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசி, பாயிண்டை ஆலையில் அளந்து, இரண்டையும் பெருக்கிப் பணம் தருவது வழக்கம். விலை பேசும்போது வாய் திறக்கும் குடியானவன், அளக்கும்போது வாய்மூடி நிற்க நேரிடுகிறது. ஏனெனில் அளவு அவனுக்குத் தெரியாது. இரண்டு பாயிண்டு குறைந்துவிட்டது என்று சொன்னால், குறைந்ததுதான் போலும் என்று வீடு திரும்புகிறான்.

இந்த அளவில் மறைபொருள் ஒன்றுமில்லை. மாவு நீரைவிடக் கனமானது. ஆதலால் மாவு மிகுந்த கிழங்கு நீரில் தொங்கும்போது அதிக எடை காட்டும். ஒரு கொக்கித் தராசும், வலைப்பையும், பெரிய அண்டாவும் இருந்தால் நம் சங்கத்தின் திண்ணையிலேயே இதனைச் செய்யலாம். மண் போகக் கழுவித் துடைத்த கிழங்கை 5 கிலோ சரியாக நிறுத்து வலைப்பையில் இடுக. அந்தப் பை அண்டாவின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் நீரில் அமிழும்படி தொங்கவிட்டு மறுபடி நிறுக்க. 500 கிராம் காட்டுவதாகக் கொள்வோம். 5000-இலிருந்து 500-ஐக் கழித்தால் 4500. 5000-ஐ 4500-ஆல் வகுத்தால் 1.111. இதனை 158.3-ஆல் பெருக்கினால் 175.9, அதிலிருந்து 142-ஐக் கழித்தால் 33.9. அதாவது அக்கிழங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பங்கு உலர்பொருள், மீதம் நீர். உலர்பொருளில் மிகப் பெரும்பகுதி மாவு. நாரும் பிறவும் போகப் பாயிண்டு இதற்குச் சிறிது கீழே நிற்கும். நீரில் 400 கிராம்தான் காட்டினால் உலர்பொருள் 30 ஆகிவிடும். 300 கிராம் என்றால் 26-ஐச் சற்றுத் தாண்டும்.

நூறு கிராம் வேறுபாட்டுக்கு நூற்றில் 4 பங்கு! மின்தராசு இருந்தால் மிக நன்று. பழந்தராசில் ஐம்பது கிராம் பிசகினாலும் கணக்கு கெட்டுவிடும். இந்தக் கணக்கைப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தி இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவாள். சங்கத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்து, தேதி, யார் காட்டுக் கிழங்கு, எத்தனை மாதக் கிழங்கு, நீரில் எடை ஆகிய நான்கையும் எழுதி வருவது நலம். இரண்டு பருவத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பேடு எந்த அதிகாரியையும்விட நன்றாகப் பேசும்.

கிழங்கினுள் உள்ள நஞ்சு

செய்முறைக்குப் போகுமுன் இதனை அறிந்துகொள்வது கட்டாயம். மரவள்ளியின் வேரிலும் இலையிலும் ‘லினமாரின்’ என்னும் ஒரு பொருள் உண்டு. கிழங்கு நசுங்கும்போதோ துருவப்படும்போதோ அதனுள்ளே உள்ள ஒரு நொதி லினமாரினைத் தாக்குகிறது. அப்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு பிரிகிறது. ஆனால் அந்த நஞ்சு 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகிவிடக் கூடியது. ஆகவே நன்றாக நசுக்கித் திறந்த வெளியில் வைத்தால் நஞ்சு தானே விலகும். நசுக்காமல் அவசரமாக உலர்த்தினால் உள்ளேயே தங்கும். மெல்லிய வில்லைகளாகச் சீவிக் கடும் வெயிலில் ஒரே பகலில் காயவைத்தால் சரக்கு வெண்மையாக இருக்கும், பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் நொதி வேலை செய்யுமுன்பே ஈரம் வற்றிப்போவதால் நஞ்சு அதில் மிகுந்திருக்கும். துருவிய கிழங்கு சில மணி நேரம் ஈரமாகவே கிடந்து பின்பு உலர்வதே நல்லது.

மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் 1981-இல் கடும் வறட்சி. உண்ண வேறொன்றும் இல்லாமல் கசப்பு மரவள்ளியை, வழக்கமான பக்குவ நாட்களைக் குறைத்து, மக்கள் உண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்குக் கால்கள் விறைத்து நடை போயிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்நோய்க்குக் ‘கொன்சோ’ என்று பெயர். பின்னர் ஆஸ்திரேலிய நாட்டு ஆராய்ச்சியாளர் ஹோவர்ட் பிராட்பரி என்பவர் எளிய வழியொன்றைக் கண்டார்: மாவை நீர் தெளித்துப் பிசறி, மெல்லிய படுகையாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ விட்டுவைத்து அன்றைக்கே சமைத்துவிட்டால், நஞ்சு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. செலவு ஏதுமில்லை. நம் நாட்டில் இனிப்பு வகைக் கிழங்கை அவித்து, நீரை வடித்து, மீனோடும் பருப்போடும் உண்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பிறர் குழந்தை உண்ணும் மாவை விற்கப் புகுவோர் ‘எங்கள் வீட்டில் காலங்காலமாக உண்கிறோம்’ என்று மட்டும் சொல்லி நிற்கக் கூடாது. உணவு மாவில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடே மேல்வரம்பு என்று உலகநாடுகளின் உணவுத் தரக் குழு வகுத்திருக்கிறது. விற்பனையைத் தொடங்குமுன் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பிச் சோதிப்பதும், உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுவதும் சங்கத்தின் முதற்செலவுகளாக இருக்கவேண்டும்.

தோலில் நஞ்சு சதையைவிட மிகுதி. பச்சைத் தோலையும் இலையையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போட்டுவிட்டுப் பிறகு அழுவோரைக் கிழங்கு விளையும் ஊர்களில் காணலாம். நன்றாக உலர்த்திய பிறகே, அதுவும் சிறிதளவாக, வேறு தீவனத்தோடு கலந்து போடவேண்டும்.

செய்முறை

ஜவ்வரிசியில் நம் மகளிர் சங்கம் இறங்கவேண்டாம் என்பதே நம் கருத்து. அதற்கு முதல் மிகுதி, நீர் மிகுதி, எண்பது ஆண்டு பழகிய சேலத்தாரோடு விலையில் போட்டியிடவும் நேரும். ஆலைக் கழிவுநீர் புளித்து நாறி, ஏரியையும் கிணற்றையும் கெடுத்த வரலாறும் அங்கே உண்டு. வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பவர்களை உணவுப் பாதுகாப்புத் துறையினர் தேடிப் பிடித்த வரலாறும் உண்டு. நமக்கு உகந்தவை இரண்டு: ஒன்று உணவுக்குரிய கிழங்கு மாவு, மற்றொன்று நம் தறிகளுக்கு வேண்டிய கஞ்சி மாவு.

கிழங்கைத் தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெடத் தொடங்கும். ஆதலால் தோண்டிய மறுநாளுக்குள் வேலை தொடங்கவேண்டும். மேலுள்ள பழுப்புத் தோலோடு அதன் கீழுள்ள தடித்த பட்டையையும் சேர்த்து உரிக்க வேண்டும். சோம்பலால் பட்டையை விட்டுவிட்டால் நஞ்சும் மிஞ்சும், நிறமும் மங்கும். உரித்ததை இருமுறை கழுவித் துருவும் எந்திரத்தில் இடலாம். துருவியதைச் சாக்கில் கட்டி, மேலே பலகையிட்டுக் கல்லேற்றி இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். நீர் வடிந்துகொண்டே இருக்க, நொதியும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். காலையில் கட்டியை உதிர்த்து, தரையில் அல்லாமல், இடுப்பளவு உயரமுள்ள மேடையில் துணி விரித்துப் பரப்பி உலர்த்துக. கையில் எடுத்து நசுக்கினால் ஈரம் ஒட்டாமல் மொறுமொறுவென்று உடைய வேண்டும். அப்போதே அரவைக்கு அனுப்பலாம். முழுதும் உலராத மாவு மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும்.

துருவும் பகுதியும் தொட்டியும் துருப்பிடிக்கும் இரும்பால் ஆகியிருத்தல் ஆகாது. கிழங்கின் சயனைடு இரும்போடு சேர்ந்து மாவில் நீலக்கறையை உண்டாக்கும். எவர்சில்வர், அலுமினியம், மரம் ஆகியவை நல்லவை. சாக்கிலிருந்து வடியும் நீரைக் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் எட்டாத இடத்தில் குழிவெட்டி விடவேண்டும். மீன் உள்ள நீரில் அதனை விடுவது மீனுக்கு நஞ்சிடுவதே.

இந்த மாவில் புரதம் மிகக் குறைவு. குழந்தைக்கு இதை மட்டும் கூழாகக் காய்ச்சிக் கொடுத்து வளர்ப்பது தவறு. உளுந்தோ பச்சைப்பயறோ கலந்து வடாம், முறுக்கு, அடை செய்வதற்கு இது மிக ஏற்றது. ஐயப்ப பக்தர்கள் கம்பம் வழியாகக் குமுளிக்குச் செல்லும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும், வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவிலும் சாலையோரத்தில் விற்பதற்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை.

கஞ்சி மாவு வேறு. துருவிய கிழங்கை நீர்விட்டுப் பிசைந்து மெல்லிய துணியில் வடித்து, பாலை ஆறேழு மணி நேரம் அசையாமல் தெளியவைக்க வேண்டும். மேல்நீரை வடித்துவிட்டுப் புதுநீர் ஊற்றிக் கலக்கி மீண்டும் தெளியவைத்தால், அடியில் வெண்ணெய்போல் படிவது மாவு. துணியில் தங்கும் சக்கைக்குச் சேலத்தில் ‘திப்பி’ என்று பெயர். உலர்த்தினால் தீவனத்துக்கு ஆகும். நூறு கிலோ கிழங்கில் இவ்வாறு 20 கிலோ மாவு கிடைத்தால் கைத்திறன் நன்று என்று கொள்ளலாம்.

சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் நெசவாளர்களுக்குப் பாவுக் கஞ்சியைப்பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. நெசவாலைகள் பல காலமாக மரவள்ளி மாவை நூலுக்குக் கஞ்சியிட வாங்கி வருகின்றன. இக்கஞ்சி அரிசிக் கஞ்சியைவிடத் தெளிவானது. நூலின்மேல் வழவழப்பாகப் படியும். ஆனால் எத்தனை கெட்டியாகக் காய்ச்சுவது, எண்ணெய் எவ்வளவு சேர்ப்பது என்பவை நூலின் நம்பரையும் பருவகாற்றையும் பொறுத்தவை. ஒரு பாவில் பாதிக்குப் பழைய கஞ்சியும் பாதிக்கு இக்கஞ்சியும் இட்டு நெய்து, எதில் இழை மிகுதியாக அறுகிறது என்று எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்க. பயிரிடுவோரும் நெய்வோரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயன் இத்தகைய சோதனைகளில்தான் தெரியும். எங்கோ தயாராகி எங்கோ விற்கப்படும் மூட்டைக்கு இவ்வசதி கிடையாது.

கணக்கு

கிழங்கு கிலோ 12 ரூபாய் என்றும், மாவு கிலோ 70 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலைகள் அல்ல. கணக்குப் பழகுவதற்கு இட்ட எண்கள். அவரவர் ஊர் விலையை இட்டுப் போட்டுப் பார்க்கவேண்டும். 200 கிலோ கிழங்குக்கு 2,400 ரூபாய். முன்சொன்ன தராசில் 500 கிராம் காட்டிய கிழங்கானால், தோலும் சேதமும் போக நூற்றுக்கு 26 வீதம் 52 கிலோ மாவு வரலாம். விற்றால் 3,640 ரூபாய். மிச்சம் 1,240. அரவை, மின்சாரம், பை, வண்டிக்கூலி, எந்திரத் தேய்மானம் ஆகியவற்றுக்கு 300 கழித்தால் 940. ஐந்து பெண்கள் ஒருநாள் ஐந்து மணி நேரமும், மறுநாள் உலர்த்தவும் கட்டவும் இரண்டு மணி நேரமும் உழைத்தால் தலைக்கு 188 ரூபாய்.

இனி, கிழங்கு 400 கிராம் காட்டியது என்போம். மாவு நூற்றுக்கு 23-தான், 46 கிலோ, 3,220 ரூபாய். கிழங்கின் விலையும் செலவும் போக நிற்பது 520; தலைக்கு 104. நீரில் நூறு கிராம் குறைந்ததற்கு உழைத்தவள் கூலியில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது! வேலை நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை. நிறுவையைப்பற்றி இத்தனை பத்திகள் எழுதியது ஏன் என்று இப்போது விளங்கும். மழை வந்து ஒருநாள் உலர்த்தல் கெட்டால் அந்த 104-உம் இல்லை. மாவாக விற்காமல் வடாமாக்கி விற்றால் கூடும்; ஆனால் உழைப்பு நேரமும் கூடும் என்பதை மறந்து, வரவை மட்டும் எழுதிக் காட்டும் திட்டங்களை நம்பவேண்டாம்.

துருவும் எந்திரத்தைப்பற்றி மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபவம் ஒன்று உண்டு. அங்கே மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து வறுத்த ரவையே ஏழைகளின் உணவு. அதனைச் செய்து விற்பவர்கள் பெண்கள். விரல் தேயக் கையால் துருவிவந்த அவர்களுக்கு, இன்று பெனின் எனப்படும் நாட்டில் 1930-களில் பிரெஞ்சு ஆட்சியினர் கொணர்ந்த எந்திரத் துருவி பெருநலம் செய்தது. பின்னர் நைஜீரியாவிலும் கானாவிலும் பரவிற்று. ஆனால் எந்திரங்களை வாங்கியவர்களுள் மிகப் பலர் ஆண்கள். கிழங்கைச் சுமந்துவந்து காசு கொடுத்துத் துருவிக்கொண்டு போகிறவளாகப் பெண் நின்றாள். உரிக்கும் வேலைக்கோ எந்திரம் எளிதில் அமையவில்லை. அது அவள் கையிலேயே தங்கிவிட்டது.

நம் ஊரிலும் இதுவே நேரக்கூடும். கடன் கொடுக்கும் இடத்தில் ‘யார் பெயரில் எந்திரம்?’ என்று கேட்டால், வீட்டு ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லிவிடுவது நம் வழக்கம். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில், முதலீட்டுக்கு நூற்றுக்கு 35 வீதம், 10 லட்சம் ரூபாய் வரம்புக்குள், மானியம் என்றும், உணவுப் பொருள் செய்யும் சுய உதவிக் குழுவில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதல் என்றும் வகுத்தனர். இத்தகைய உதவி எதைப் பெற்றாலும், எந்திரமும் தராசும் மகளிர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். வெளியார் கிழங்கைத் துருவித் தரும் கூலியும் சங்கக் கணக்கிலேயே ஏறவேண்டும். எந்திரம் சும்மா கிடக்கும் நாட்களில் அந்தக் கூலியே தேய்மானத்தை அடைக்கும்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு

பெரியாற்றுப் பாசன நெல்வயலில் மரவள்ளியை வைக்கச் சொல்லவில்லை. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்துச் செம்மண் மேடுகளே இதற்கு ஏற்றவை. அங்கே காட்டுப்பன்றிக்கு இது விருந்து என்பதையும் அறிந்தே இறங்கவேண்டும். வேலிச் செலவைக் கணக்கில் சேர்க்காதவன் பன்றிக்காகப் பயிரிட்டவன் ஆவான். உணவு மாவுக்கு இனிப்பு வகைகளையே கேட்டு வாங்குக. ஆலைக்கென்று பயிரிடும் ‘எச் 226’ போன்றவற்றைக் கஞ்சி மாவுக்குக் கொள்ளலாம். விதைக்கரணை வாங்கும்போது இலையில் தேமல் நோயும், 2020 முதல் தமிழ்நாட்டில் பரவிய மாவுப்பூச்சியும் இல்லாத காட்டிலிருந்தே வாங்கவேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையமும் வகைகளைப்பற்றிக் கேட்டால் எழுத்தில் தெரிவிப்பார்கள்.

இக்கிழங்குக்கு ஒரு நற்குணம் உண்டு. தோண்டியபின் மூன்று நாள் தாங்காத அது, மண்ணுக்குள் இருந்தால் முதிர்ந்தபின்னும் சில வாரங்கள் காத்திருக்கும். பணத்தேவையால் ஒரே நாளில் காடு முழுவதையும் தோண்டி லாரியில் ஏற்றுகிறவனுக்கு அக்குணம் பயன்படுவதில்லை. வாரத்துக்கு எந்தக் கிழமை, யார் காட்டிலிருந்து, எத்தனை கிலோ என்று பயிரிடுவோரும் மகளிர் சங்கத்தாரும் பருவத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பட்டியல் எழுதி, முன்பணத்தையும் அதிலேயே குறித்து, சங்கக் கதவில் ஒட்டிவிட வேண்டும். உலர்த்தும் மேடை ஒருநாளில் எத்தனை கிலோ கொள்ளும் என்று அளந்த பிறகே அந்தப் பட்டியலை எழுதுக.